நாற்பது வண்டி இறக்கிய மாப்பிள்ளை

எங்கள் நாமக்கல்லில் ஒருவன் "வண்டி இறக்கியிருக்கான்" என்றால், புது லாரி வாங்கி ரோட்டில் விட்டிருக்கிறான் என்று அர்த்தம். ஒரு வண்டி இறக்கினாலே சொந்தபந்தத்துக்கெல்லாம் கறிவிருந்து நடக்கும். அதனால் மெல்பனில் இருந்து ஒரு அம்மா போனில் கூப்பிட்டு, "மகன் சொந்தமா வாகனம் இறக்கிறவன் அண்ணை" என்று சொன்னபோது எனக்கு வேறு யோசனையே வரவில்லை.

"எத்தனை வண்டி இறக்கியிருக்காருங்க?" என்று கேட்டேன்.

"இந்த வருஷம் மட்டும் ஒரு நாப்பது இருக்கும் அண்ணை. பிள்ளைக்கு மூச்சு விட நேரமில்லை."

போனை வைத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.

என் மகள் கயல்விழி மெல்பனில் கிளேட்டன் என்ற பகுதியில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். குகன் என்ற யாழ்ப்பாணத்துப் பையனைக் கட்டிக்கொள்ள விரும்புகிறேன் என்று அவள் சொன்ன நாளில் இருந்து வீட்டில் பேச்சு வேறில்லை. என் மனைவி கடைசியில், "நீங்க போய்ப் பாருங்க. நீங்க சரின்னா எனக்கும் சரி" என்று மொத்தப் பொறுப்பையும் என் தலையில் கட்டிவிட்டாள். குகனுடைய அம்மாவின் அந்தப் போனுக்குப் பிறகு என் மனம் பாதி சரி என்று ஆகிவிட்டது. மீதிப் பாதியைக் காலையில் என்னோடு நடக்க வரும் நண்பர்கள் செய்து முடித்தார்கள். பழனிச்சாமி பதினோரு லாரிக்குச் சொந்தக்காரர். அவரே நடப்பதை நிறுத்திவிட்டு, "ஒரே வருசத்துல நாப்பதா! அமுக்கமா இருந்துட்டுப் பெரிய எடமாப் புடிச்சிட்டீங்க சார்" என்றார். அன்று நான் வழக்கத்தைவிட இரண்டு சுற்று அதிகம் நடந்தேன்.

பெட்டியில் துணிமணிக்கு அடியில் நாற்பது திருஷ்டிக் கயிறுகளை வைத்துக்கொண்டேன். லாரிக்கு முன்னால் கட்டுவோமே, கறுப்பாகப் பின்னிக் குஞ்சம் விட்டது, அதுதான். ஒரு வண்டிக்கு ஒன்று.

சிட்னி விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி அந்தக் கயிறுகளைக் கையுறை போட்டு எடுத்து மோந்து பார்த்தார். எதன் மயிர் என்று கேட்டார். மயிர் இல்லை, நூல் என்றேன். எதற்கு என்றார். லாரிக்குக் கட்ட என்றேன். லாரி எங்கே என்றார். மெல்பனில், நாற்பது என்றேன். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அந்த இன்னொருவர் மூன்றாமவரைக் கூப்பிட்டார். என் மனைவி கொடுத்தனுப்பிய பருப்புப் பொடியை அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் இரண்டு நாள் சிட்னியிலேயே, கெல்லிவில் என்ற பகுதியில் மச்சினன் செந்தில் வீட்டில். வீடுகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். ஒரு தடவை தவறுதலாக வேறு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டேன். தெருவில் மனித நடமாட்டமே கிடையாது, குப்பைத் தொட்டிகள்தான் வரிசையாக நிற்கின்றன. காலையில் தோசைக்கு அவகாடோ சட்னி வைத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது சட்னியா என்று எனக்கு இன்னும் சந்தேகம். நம்மைப் போலவே இங்கேயும் வண்டிகள் இடது பக்கம் போகின்றன. இந்த நாட்டில் எனக்குச் சட்டென்று புரிந்தது அது ஒன்றுதான்.

நான் முப்பது வருடம் பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கையில் சுத்தியலோடு லாரியைச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, ரோட்டில் ஓடலாம் என்ற எஃப்.சி. சான்றிதழைக் கொடுப்பதும் மறுப்பதும்தான் வேலை. ஓய்வு பெற்றாலும் கண் ஓய்வு பெறாது. இரண்டாம் நாள் காலையில் நடக்கப் போனபோது எதிர் வீட்டில் ஒரு வண்டி நின்றது. இதை இங்கே 'யூட்' என்கிறார்கள். முன்பாதி கார், பின்பாதி திறந்த குட்டி லாரி. நம் ஊர்க் குட்டியானை லாரிக்குப் பணக்கார உறவு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வண்டி தரையோடு படுத்துக் கிடந்தது. டயரில் பாதியைக் காணவில்லை, மேலே தகடு மூடியிருந்தது. பின்னால் எட்டிப் பார்த்தேன், சுமை எதுவும் இல்லை. சுமை இல்லாமல் வண்டி உட்கார்ந்திருந்தால் ஸ்பிரிங் பட்டை உடைந்திருக்கிறது என்று அர்த்தம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து அடியில் பார்க்க முயன்றேன். என் கைகூடப் போகவில்லை.

வீட்டுக்காரர் காபிக் கோப்பையோடு வெளியே வந்தார். பெயின்டராம், கெண்டைக்கால் முழுக்கப் பச்சை குத்தியிருந்தார். "ஐயா, உங்கள் வண்டியின் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, ரோட்டில் எடுக்காதீர்கள்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எச்சரித்தேன்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "உடையவில்லை நண்பரே. நான்தான் 'லோயர்' செய்திருக்கிறேன். ஆறு வாரம் காத்திருந்து செய்தது."

"எதற்கு?"

அவர் நாலு அடி பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்து வண்டியைப் பார்த்தார். "பாருங்களேன்" என்றார். நானும் போய் அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவருக்கு என்ன தெரிந்ததோ, எனக்கு உடைந்த ஸ்பிரிங்தான் தெரிந்தது. எங்கள் ஊரில் கூடுதலாக இரண்டு பட்டை போட்டு வண்டியைத் தூக்கி நிறுத்துவார்கள். அதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதிலேயே எனக்குப் பாதி ஆயுள் போயிற்று. இறக்கி நிறுத்தியவன் ஒருவனையும் நான் பார்த்ததில்லை.

"மாமா, இங்கெல்லாம் அடுத்தவங்க வண்டிக்கு அடியில எட்டிப் பார்க்கக் கூடாது" என்றான் செந்தில். அவன் முகத்தில் அசடு வழிந்தது.

மூன்றாம் நாள் மெல்பன். கயல் ரயிலில் கிளேட்டனுக்குக் கூட்டிப் போனாள். ஏறும்போது பயண அட்டையை ஒரு கம்பத்தில் தொட வேண்டும், இறங்கும்போதும் தொட வேண்டும். நான் இறங்கும்போது தொட்டது கம்பத்தை அல்ல, தீயணைப்புப் பெட்டியை என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது தடவை போய்த் தொட்டுவிட்டு வரலாமா என்று கேட்டேன். கயல் சிரித்துக்கொண்டே சோறு போட்டாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், ஆனால் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. என்னை உட்கார வைத்து, "நாளைக்குக் குகன் வேலை செய்யற இடத்தைப் பாருங்க. ஞாயிற்றுக்கிழமை அவங்க அம்மா வீட்டுல சாப்பாடு. அங்க உங்க பதிலைச் சொல்லுங்க" என்றாள். ஒரு பரீட்சைக்கு நாள் குறித்த மாதிரி இருந்தது, யாருக்குப் பரீட்சை என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை, நோபல் பார்க் என்ற பகுதிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தொழிற்பேட்டைக்குப் போனோம். நான் வெள்ளைச் சட்டை போட்டு, கயிறுகளைப் பையில் எடுத்துக்கொண்டேன். பெரிய மைதானம், வரிசையாக லாரிகள், வாட்ச்மேன் என்று மனதில் ஒரு படம் வைத்திருந்தேன். கயல் ஒரு தகரக் கொட்டகை முன்னால் நின்றாள். உள்ளே வண்டியைத் தூக்கும் கருவி ஒன்று, அதன்மேல் சக்கரம் கழற்றிய யூட் ஒன்று. அதற்கு அடியில் இருந்து கிரீஸ் கையோடு வெளியே வந்த பையன்தான் குகன். நல்ல உயரம், கூச்சமான சிரிப்பு.

"வாங்கோ அங்கிள். கை ஊத்தையா இருக்கு, குறை நினைக்காதைங்கோ."

நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். "வண்டியெல்லாம் ரூட்டுல போயிருக்குதுங்களா தம்பி?"

"எந்த வண்டி அங்கிள்?"

"நீங்க இந்த வருஷம் இறக்கின நாற்பது வண்டி."

"அதுகளை அவையவை கொண்டு போயிட்டினம் அங்கிள்."

"அவையவைன்னா யாருங்க? டிரைவருங்களா?"

"இல்லை, ஓனர்மார்."

ஓனர் நீங்கள்தானே என்று கேட்க வாயைத் திறந்தேன். அப்போது தூக்கி வைத்திருந்த வண்டியின் பின்பக்கம் என் கண்ணில் பட்டது. அச்சுக்கு மேலே இருக்க வேண்டிய பட்டைக் கட்டு அச்சுக்குக் கீழே போகவிருந்தது. எல்லாமே தலைகீழாக இருந்தது. கெல்லிவில் பெயின்டரின் 'லோயர்' நினைவுக்கு வந்தது. லோயர் என்றால் இறக்குவது. இறக்குவது என்றால் இதுதான். ஒரு வருடத்தில் நாற்பது பேருடைய வண்டிகளை இந்தப் பையன் ஒரு சாண் கீழே இறக்கியிருக்கிறான்.

பையில் இருந்த கயிறுகளை நான் வெளியே எடுக்கவில்லை.

அந்த வண்டிக்குச் சொந்தக்காரர், வீடுகளுக்குத் தரையில் ஓடு பதிக்கிறவர், அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து இறைச்சி அடைத்துச் சுட்ட 'மீட் பை' என்ற பலகாரத்தைத் தின்றுகொண்டிருந்தார். லெபனானில் இருந்து வந்தவராம். எனக்கும் பாதி பிய்த்துக் கொடுத்தார். சனிக்கிழமை கறி சாப்பிட மாட்டேன் என்பதை அவருக்கு விளக்குவதற்குள் கயலே அதை வாங்கித் தின்றுவிட்டாள். எதற்காக வண்டியை இறக்குகிறீர்கள் என்று அவரிடமும் கேட்டேன். ஓடுகளை ஏற்ற வசதி, முதுகு வலிக்காது என்றார். அது காரணம், அது எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த வண்டியின் பின்பக்கம் கண்ணாடி போலப் பளபளத்தது, ஒரு கீறல் இல்லை. ஓடு ஏற்றிய தடம் எங்கே என்றேன். "ஐயோ, இதிலா? ஓடு எல்லாம் வேனில்தான் கொண்டு போவேன்" என்றார். திரும்பவும் குழம்பிப் போனேன்.

அன்று சாயங்காலம் கிளேட்டனில் எனக்கும் கயலுக்கும் வாய்ச்சண்டை.

"நாப்பது வண்டின்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். இப்ப நான் என்னன்னு சொல்றது? நல்லா நிக்கற வண்டியை முடமாக்கற வேலைன்னா?"

"நான் எப்பவாவது லாரி ஓனர்னு சொன்னேனாப்பா? வண்டி வேலை செய்யறாருன்னுதானே சொன்னேன்?"

"இறக்கறதுன்னு அந்தம்மா சொன்னாங்க!"

"அவங்க சொன்னது உண்மைதானே?"

சரி, எதற்குத்தான் இறக்குகிறான் என்று கேட்டேன். அவனுடைய அம்மாவுக்கு முட்டி வலி, உயரமான வண்டியில் ஏற முடியாமல் இருந்திருக்கும், அப்படித்தான் தொடங்கியிருப்பான் என்று அவளாக ஒன்றைச் சொன்னாள். பிறகு குரல் தாழ்ந்துவிட்டது. "நீங்க வேண்டாம்னு சொன்னா நான் அழுது ஆர்ப்பாட்டம் பண்ண மாட்டேன். கல்யாணமும் நிக்காது. ஆனா அன்னிக்கு உங்க முகம் தொங்கிட்டு இருந்தா, அதை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்ப்பா." படுக்கும்போதும் அந்தப் பையன்மேல் கோபம் குறையவில்லை, ஏன் கோபம் என்றும் தெரியவில்லை.

ஞாயிறன்று கயல் அந்த அம்மாவுக்கு உதவியாக முன்னாலேயே போய்விட்டாள். என்னை அழைத்துப் போகக் குகன் அவனுடைய யூட்டில் வந்தான். ஏறுவது சுலபம். ஏறினேன் என்பதைவிட விழுந்தேன் என்று சொல்ல வேண்டும். என் கண் பக்கத்துக் கார்களின் சக்கர மட்டத்தில் இருந்தது. ஒரு நாய் என்னை நேருக்கு நேர் பார்த்தது. வேகத்தடை வந்தால் குகன் வண்டியைக் குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினான். பெட்ரோல் பங்கின் வாசல் சரிவில் அடியில் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். என் பல் கூசியது. அவன் வாய்க்குள், "ஒண்டுமில்லை அங்கிள்" என்றான்.

பெரிய சாலையில் போலீஸ் கார் பின்னால் வந்து விளக்கைப் போட்டது. போச்சு என்று நினைத்தேன். வண்டியை ஓரம் கட்டினான். இளம் பெண் அதிகாரி ஒருத்தி இறங்கி வந்தாள், கையில் அளவு நாடா. நானும் அவளிடம் அனுமதி கேட்டுக்கொண்டு இறங்கினேன். அவள் வண்டியைச் சுற்றி நடந்த விதம் எனக்கு நன்றாகத் தெரிந்த நடை. என் கை சுத்தியலைத் தேடியது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டி வந்து நின்றால் நான் முதலில் வண்டியைப் பார்க்க மாட்டேன். டிரைவர் எங்கே நிற்கிறான் என்று பார்ப்பேன். கோளாறு எங்கே இருக்கிறதோ அதை மறைத்துக்கொண்டுதான் நிற்பான். வழுக்கை டயருக்கு முன்னால் காலை அகட்டி நிற்பவனைப் பார்த்திருக்கிறேன். உடைந்த விளக்கின்மேல் சாய்ந்துகொண்டு குசலம் விசாரித்தவர்கள் உண்டு. முப்பது வருடத்தில் இந்தக் கணக்கு தப்பியதே இல்லை.

குகன் எதற்கு முன்னாலும் நிற்கவில்லை. தள்ளி, புல்லில் நின்றான். அதிகாரி தரைக்கும் வண்டிக்கும் நாடாவைப் பிடித்துப் பார்த்தாள். உயரம் சரியாக இருந்தது. பிளாஸ்டிக் உறையில் அவன் வைத்திருந்த பொறியாளர் சான்றிதழைப் படித்தாள், அதுவும் சரி. போகலாம் என்று தலையாட்டும் நேரத்தில் அவன் ஆங்கிலத்தில் சொன்னான்: "பின் நம்பர் பிளேட் விளக்கு நேற்று போய்விட்டது. பல்பு வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் மாற்றவில்லை."

அவள் அவனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு நம்பர் பிளேட் விளக்கை எவன் பார்க்கப் போகிறான்? "அப்படியானால் இப்போதே மாற்றுங்கள்" என்றாள். அவன் ரோட்டோரத்தில் மண்டியிட்டு ஐந்து நிமிடத்தில் மாற்றினான். எரிகிறதா என்று அவள் குனிந்து பார்த்து, நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

வண்டி கிளம்பியதும் கேட்டேன். "அவங்கதான் விட்டுட்டாங்களே தம்பி. நீங்களா ஏன் சொன்னீங்க?"

"அது போயிட்டுதுதானே அங்கிள்" என்றான், இதில் என்ன கேள்வி என்பதுபோல.

பிறகு, வந்த நாளில் இருந்து என்னைக் குடைந்த கேள்வியை அவனிடமே கேட்டேன். "உண்மையைச் சொல்லுங்க. வண்டியை எதுக்கு இறக்கறீங்க? உங்க அம்மாவுக்காகன்னு கயல் சொல்லுச்சு."

"இல்லை அங்கிள், அம்மாவுக்கெண்டு இல்லை. வாறவை எல்லாரிட்டயும் நான் கேட்டனான். ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்லுவினம். வளைவில நல்லா நிண்டு ஓடும், அது உண்மை. ஆனா அதுக்காக மட்டும் ஒருத்தரும் செய்யிறேல்லை. எனக்கெண்டால் பார்க்க வடிவா இருக்கு. ஏன் வடிவா இருக்கு எண்டு கேட்டா, ஐ டோண்ட் நோ."

நோபல் பார்க்கில் அவனுடைய அம்மா மகேஸ்வரி வாசலுக்கே வந்தார். "வாங்கோ அண்ணை, கதிரையை இழுத்துப் போட்டு இருங்கோ" என்று சொல்லிவிட்டுக் சமையலறைக்குள் ஓடினார். நண்டுக் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, சொதி. சோற்றில் ஊற்ற வைத்திருந்த அந்தத் தேங்காய்ப்பால் சொதியை ரசம் என்று நினைத்து டம்ளரில் வாங்கிக் குடித்தேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் இன்னொரு டம்ளர் ஊற்றினார்.

முட்டிக்கு இறக்கின வண்டி வசதியா என்று பேச்சுக்குக் கேட்டேன். "அதிலயோ? ஏறுறது சுகம் அண்ணை. எழும்பத்தான் என்னைத் தூக்க ஆள் வேணும். நான் கோயிலுக்கு பஸ்ஸிலதான் போறனான்" என்றார்.

பிறகு என்னுடைய நாற்பது லாரிக் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "எங்கட பக்கத்தில வாகனம் இறக்கிறது எண்டால் கப்பல்ல ஜப்பானில இருந்து எடுப்பிக்கிறது அண்ணை. அங்க இருக்கிற சொந்தக்காரர் எல்லாரும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருக்கினம். நானும் திருத்தேல்லை. பொய் சொல்லேல்லைத்தானே? உங்களிட்டயும் அந்தச் சொல்லையே சொல்லிப் போட்டன்."

"அம்மா!" என்றான் குகன். அவன் காது சிவந்துவிட்டது.

நான் அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. ஒரு சொல்லுக்குப் பின்னால் அவர் ஒரு பக்கம் நின்றார், நான் ஒரு பக்கம் நின்றேன். இரண்டு பேரும் வழுக்கை டயரை மறைக்கிற டிரைவர்போலக் காலை அகட்டித்தான் நின்றோம்.

சாப்பாடு முடிந்தது. யாரும் எழவில்லை. கயல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கை கழுவிவிட்டுப் பையில் இருந்து ஒரு திருஷ்டிக் கயிற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். மூவரும் பின்னால் வந்தார்கள். யூட்டின் முன் பம்பரில் கட்டக் குனிந்தேன், அவ்வளவு கீழே குனிய முடியவில்லை. கான்கிரீட்டில் அப்படியே உட்கார்ந்து கட்டினேன். குஞ்சம் பாதிக்கு மேல் தரையில் புரண்டது. நாமக்கல்லில் லாரிக்கென்று பின்னியது, இப்படி ஒரு வண்டியை அது எங்கே கண்டது? குகன் என் பக்கத்தில் உட்கார்ந்து, கயிற்றை இரண்டாக மடித்துப் பிடித்தான். நான் முடிச்சுப் போட்டேன். எனக்குப் பின்னால் கயல் அழுகிற சத்தம் கேட்டது. அது அவள் சின்ன வயதில் பரிசு வாங்கினால் அழுகிற அழுகை. எனக்கும் கண் கலங்கியது, சொதியில் காரம் என்று சொல்லிக்கொண்டேன். மீதி முப்பத்தொன்பது கயிற்றையும் வருகிற வண்டிகளுக்குக் கட்டச் சொல்லி அவனிடமே கொடுத்துவிட்டேன்.

மனைவியிடம் போனில் பேசி முடித்தவுடன் பழனிச்சாமியைக் கூப்பிட்டேன். அவர் ஹலோ என்று முடிப்பதற்குள், "நீங்க கேட்கறதுக்கு முந்தி நானே சொல்லிடறனுங்க. நாப்பது லாரியும் இல்லை, ஒரு லாரியும் இல்லை. மாப்பிள்ளை மெக்கானிக். உயரமா இருக்கற வண்டியைத் தாழ இறக்கிக் கொடுக்கறாரு. நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன், அப்புறம் பெருமைக்குச் சொல்லிட்டேன்" என்றேன்.

பழனிச்சாமிக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

"நல்லா இருக்கற வண்டியை எதுக்குங் சார் இறக்கறாங்க?"

"அது எனக்கும் தெரியலைங்க பழனிச்சாமி. ஆனா எஃப்.சி. கொடுத்துட்டேன்."